மோட்டாரை எரித்தது கம்பிதான்

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் மோட்டார் வைண்டிங் கடை. அதன் மேல் இரண்டு மாடி வீடு. கருவேலம் முளைத்துக் கிடந்த தரிசில் இப்போது திராட்சைப் பந்தல். நான் செம்புக்கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார்கள் லோயர் கேம்ப் தொடங்கிக் கம்பம் வரை தண்ணீர் இறைக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தகப்பனார் சொத்தென்று ஒரு செங்கல்கூட விட்டுப்போகவில்லை. கடை ஆறு மாதம் தாங்காது என்றவர்களே பிறகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

அந்தப் பெயரில்தான் என் மனைவியின் தம்பி கரி பூசினான்.

அவனுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஒரு பங்குக் கிணறு. அது வற்றியதும் தோட்டத்தின் கடைசி மூலையில் போர்வெல் போட்டார்கள். மின் இணைப்பு இருப்பதோ ரோட்டோர மோட்டார் ரூமில். பங்குக் கிணறு என்றால் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து போடுவது வழக்கம். மணலும் கல்லும் அப்படித்தான் வரும். ரூமிலிருந்து போர் வரை இழுக்க வேண்டிய கம்பியும் அப்படியே வந்தது. நான்கு வீட்டுக் கம்பி, நான்கு பருமன், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள்.

மோட்டார் எரிந்தது. சுற்றிக் கொடுத்தேன். மறுபடியும் எரிந்தது. என் வைண்டிங் சரியில்லை என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. எனக்கு வரவேண்டிய மோட்டார்கள் வேறு கடைக்குப் போயின. மறுபடி சுற்றி, இந்த முறை நானே கொண்டுபோய் இறக்கினேன்.

"வோல்டேஜ் நல்லாத்தேன் இருக்கு மச்சான்," என்றான் மச்சினன். "இங்கன காட்டுறதுதேன் போர்கிட்டயும் காட்டுது. ஒங்க சுத்துலதேன் கோளாறு."

"மோட்டார் ஓடும்போது பாத்தியா மாப்ள?"

"ஓடும்போது எதுக்குப் பாக்கணும்?"

"ஏலே, குழாய மூடி வச்சுட்டு தண்ணி வேகத்த அளந்தவன் நீ ஒருத்தன்தேன்!"

ஓட்டிப் பார்த்தோம். ரூமில் நானூற்றுப் பத்து வோல்ட். போர் அருகே முந்நூற்று முப்பதுதான்.

லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உயரத்தில் நிற்கும் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம்தான் வோல்டேஜ். குழாயில் ஓடுவது கரண்ட். ஒடுங்கிய நீளக் குழாய் காட்டுகிற தடை ரெசிஸ்டன்ஸ். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து வேலை செய்கிற வேகம் பவர். குழாயை மூடி வைத்தால் அழுத்தம் கடைசி வரை குறையாது; ஓடவிட்டால்தான் வழியில் குறையும். கம்பியும் அப்படித்தான். ஆனால் மோட்டார் தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான். வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுக்கும். கரண்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. சுற்றின் மேல் பூசிய வார்னிஷ் கருகாமல் என்ன செய்யும்?

மெயினை அணைத்துவிட்டு இணைப்புகளைத் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்றில் டேப் உருகி விரலில் ஒட்டியது. இருந்ததிலேயே ஒல்லியான துண்டு அங்கேதான் தொடங்கியது. மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இந்தத் துண்டு என்னுதுன்னு அவுககிட்டச் சொல்லிறாதீக. ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாக. அக்கா மேல சத்தியம், ஒங்க பேர நான் காப்பாத்துறேன்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்; சொல்லவும் இல்லை. மொத்தக் கம்பியையும் மாற்றுங்கள் என்று மட்டும் பங்குக்காரர்களிடம் சொன்னேன். இணைப்பே இல்லாத தடித்த கேபிள் போட்டார்கள்.

சரிசெய்தவன் கையால்தான் முதல் சுவிட்ச் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காய் உடைத்ததும் நான் முன்னால் நகர்ந்தேன். அதற்குள் மச்சினன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"நாந்தேன் மீட்டர் வச்சு, கம்பியில கோளாறுன்னு கண்டுபிடிச்சேன். மச்சானும் சுத்திச் சுத்திப் பாத்தாக. பாவம், அவுகளுக்கும் வயசாயிருச்சுல்ல."

"அப்ப நீதேன்டா எஞ்சினியரு, போடு சுவிட்ச!" என்றார் பங்குக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் போட்டான். தண்ணீர் பீறிட்டது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டியிருந்தது.

மோட்டார் இன்றுவரை எரியவில்லை. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்ற பேச்சும் சேர்ந்து, என் வைண்டிங்மேல் சொன்ன பழி டீக்கடையில் அப்படியே நிற்கிறது. தம்பிதானே, விட்டுவிடுங்கள் என்கிறாள் மனைவி. வேற்றாள் செய்திருந்தால் விட்டிருப்பேன். அவன் வாக்கை மீறினான்; இனி என் வாக்கும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அதே ரூமில், அந்த மூன்று பங்குக்காரர்கள் முன்னால், ஓடவிட்டு அளக்கச் சொன்னது யார் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். என் சுற்றில் குறையில்லை, எரித்தது தன் கம்பிதான் என்றும் சொல்ல வேண்டும்.