இடது பின் சக்கரம், பன்னிரண்டு மில்லி

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சேர்க்கவில்லை. அளவுகளும் நேரங்களும் அன்றைக்கு வேலைச் சீட்டில் என் கையால் எழுதியவை. சீட்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. பயந்தாயா என்று கேட்கிறார்கள். பயப்படுகிற இடம் எனக்கு மரத்துப்போய்விட்டது. அதனால்தான் இப்படி வரிசையாக எழுத முடிகிறது.

நான் கார் மெக்கானிக். இருபத்தோரு வருடமாக ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட், இவைதான் என் வேலை. எந்நேரமும் சட்டைப்பையில் டேப் இருக்கும் என்பதால் பட்டறையில் எனக்கு 'டேப்பு' என்று பெயர். என் கூட்டாளியின் பெயர் 'காது'. அந்தப் பெயர் வந்த காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வண்டிக்கு அடியில் ஏதாவது சத்தம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. ஆகவே நான் ஓட்டுவேன். காது பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, சீட்டோடு காதை ஒட்டிவைத்துக் கேட்பான். பேசினால் சத்தம் அமுங்கிவிடும். அதனால் என் தோளில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், ஓட்டு. இரண்டு தட்டு என்றால், நிறுத்து, இங்கேதான். மூன்று தட்டு என்றால், நீ பின்னால் வந்து உட்கார், நான் ஓட்டுகிறேன். நிறையப் பட்டறைகளில் இதே வழக்கம்தான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காதுக்குக் காய்ச்சல், வரவில்லை. காலை 10.10க்கு ஒரு டீச்சர் தன் காரைக் கொண்டுவந்தார். கூடவே பத்து வயதுப் பெண்.

"வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுங்க. இவ இதுக்குக் கோணையன்னு பேரே வச்சுட்டா."

"எத்தனை நாளா?"

"வாங்கினதுல இருந்தே. எட்டு மாசம் ஆச்சு. பழைய வண்டிதான். ரெண்டு இடத்துல காட்டிட்டேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சாயங்காலம் ஏழு மணிக்குக் குடுத்துருவீங்களா? நாளைக்குக் காலைல எங்கம்மாவுக்கு ஆபரேஷன். முன்னூறு கிலோமீட்டர். நாங்க ரெண்டு பேரும்தான் போறோம்."

தருகிறேன் என்றேன்.

10.25. சமதரையில் நிறுத்தினேன். டிக்கியைக் காலி செய்தேன். நான்கு டயரிலும் ஒரே காற்று. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். வலது பின் 372 மில்லிமீட்டர். இடது பின் 360. பன்னிரண்டு மில்லி இறக்கம்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். 11.40க்கு வண்டியை லிஃப்டில் ஏற்றி, இரண்டு பின் ஸ்பிரிங்குகளையும் கழற்றி அருகருகே நிறுத்தினேன். இரண்டும் ஒரே உயரம். சரி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டேன். ஸ்பிரிங்கில் குற்றம் என்றால் இறக்கமும் வலது பக்கம் போக வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஸ்பிரிங்கைக் கழற்ற, பின் அச்சைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். திருப்பிப் போடும்போது, வண்டி மேலே தொங்குகையில் அந்த போல்ட்டைக் கையால் மட்டும்தான் முறுக்குவோம். வண்டி தரையில் தன் பாரத்தோடு நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். இதற்கென்றே வேலைச் சீட்டில் 'தரையில் இறுக்கியது' என்று ஒரு கட்டம் உண்டு.

1.15. கீழே இறக்கினேன். முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, அளந்தேன்.

வலது பின் 372. இடது பின் 360.

மீண்டும் அளந்தேன். அதேதான். அடிச்சட்டம் வளைந்திருக்குமோ என்று குறுக்காகவும் நெடுக்காகவும் பார்த்தேன். ஒரு மில்லி வித்தியாசம் இல்லை. மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

3.30க்கு முதலாளி வந்து நின்றார்.

"என்னய்யா டேப்பு, காலைலேருந்து அளவெடுக்கிறே... சட்டை தைக்கப் போறியா?"

"இடது பக்கம் பன்னெண்டு மில்லி குறையுது முதலாளி."

"மணல் மூட்டையை உள்ளயே மறந்திருப்பே. போய்ப் பாரு."

சில வண்டிகளுக்கு ஆள் உட்கார்ந்த பாரத்தில்தான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்காக இருபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள் ஆறு வைத்திருக்கிறோம். எண்ணினேன். ஆறும் சுவரோரம் இருந்தன.

பின் கதவைத் திறந்து பார்த்தேன். சீட் காலி. ஆனால் இடது பக்கத்தில் ரெக்சின் குழிந்திருந்தது. கையால் தடவிச் சமப்படுத்தினேன். கையை எடுத்ததும் மெதுவாக மறுபடியும் குழிந்தது...

3.50. ஏன் செய்தேன் என்று தெரியாது. வலது பின் சீட்டில் ஒரு மூட்டையை வைத்தேன். வித்தியாசம் ஏழு மில்லி ஆனது. இரண்டாவது மூட்டை. ஒரு மில்லி. என் ஸ்பேனர் பெட்டி ஆறு கிலோ. அதையும் வைத்தேன்.

சமம்.

ஐம்பத்தாறு கிலோ. வேலைச் சீட்டின் ஓரத்தில் '56' என்று எழுதி வட்டம் போட்டேன். யோசிக்கவில்லை. கை எழுதியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூட்டைகளையும் பெட்டியையும் இறக்கினேன். திரும்பவும் 360.

அதற்கப்புறம் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். 6.12 மணி. ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். தனியாக.

பட்டறைக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கும் தெரு. நீளமான சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவை அணைத்திருந்தேன்.

பின் சீட்டில் ரெக்சின் கிறீச்சிட்டது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தது போல.

முப்பது கிலோமீட்டர் வேகம். நாற்பது. ஐம்பது.

6.21.

தோளில் தட்டு.

டொப்... டொப்.

நிறுத்து. இங்கேதான்.

இருபத்தோரு வருடப் பழக்கம். யோசிக்கும் முன்பே கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி நின்றது. அப்புறம்தான் நினைவு வந்தது... காதுக்குக் காய்ச்சல்.

கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை.

இறங்கினேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது பின் சக்கரத்துக்கு அடியில் படுத்தேன்.

போல்ட்.

கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், சுற்றியது. நான் தரையில் இறுக்கவில்லை. பன்னிரண்டு மில்லியைத் துரத்திக்கொண்டு திரிந்ததில் மறந்தே போய்விட்டேன். சீட்டில் அந்தக் கட்டம் காலி.

டீச்சர். அந்தப் பெண் குழந்தை. முன்னூறு கிலோமீட்டர்.

ஸ்பேனரை எடுத்துவந்து இறுக்கினேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைசிச் சுற்றில் இரும்பு 'ணங்' என்றது.

அப்போது என் முகத்துக்கு மேலே வண்டி அசைந்தது.

மெதுவாக உயர்ந்தது... ஒரு ஆள் இறங்கினால் உயருமே, அப்படி.

கதவு திறக்கவில்லை.

அங்கேயே அளந்தேன். 372. 372. மணி 6.34.

ஏழு மணிக்கு டீச்சர் வந்தார். கட்டத்தில் டிக் போட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

"அம்மா, கோணையன் நிமிர்ந்துட்டான்!" என்று பெண் கைதட்டியது.

"என்னங்க கோளாறு?"

"ஒரு போல்ட்டும்மா. பார்த்துப் போங்க."

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது என்று போன் செய்தார்.

வண்டியைக் கொடுக்கும் முன் டேஷ்போர்டில் ஒரு பழைய வேலைச் சீட்டு கிடைத்திருந்தது. வேறு பட்டறை. போன வருடத்துத் தேதி. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். திங்கள் காலை 11.05க்கு அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். வண்டி நம்பரைச் சொன்னதும் போனை எடுத்தவர் கேட்டார்.

"அது இன்னும் ஓடுதா?"

"சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கவர்கிட்டப் பேசணும்."

"அவர் உயிரோட இல்லீங்க. அந்த வண்டியிலதான் போனார். ஓட்டிப் பார்க்கப் போனப்ப, சத்தம் கேக்கப் பின்னாடி உட்கார்ந்திருந்தார். இடது பக்கம். பின் அச்சு போல்ட் கழண்டு சுவத்துல மோதிருச்சு. ஓட்டினவனுக்குக் கீறல்கூட இல்லை."

"போல்ட்டைத் தரையில இறுக்கலையா?"

"சீட்டு உங்க கையிலதானே இருக்கு? நீங்களே பாருங்க."

பார்த்தேன். கட்டம் காலி.

"அவர் எத்தனை கிலோ இருப்பார்?"

"என்னங்க இது கேள்வி..." என்றவர், பிறகு சொன்னார். "ஒல்லி மனுஷன். ரத்தம் குடுக்க நாங்க சேர்ந்துதான் போனோம். அங்க எடை போட்டாங்க. அம்பத்தாறு."

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாலு நாள் கழித்து என் சொந்த வண்டியின் இடது பின் பக்கம் தாழ்ந்தது. பன்னிரண்டு மில்லி. நான் ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை. தினமும் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கிடங்குத் தெருவில் ஒரு தட்டு வரும். ஓட்டு என்று அர்த்தம். ஓட்டினேன். பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

போன வியாழன், மாலை 6.21.

டொப்... டொப்...

டொப்.

மூன்று.

வண்டியை ஓரங்கட்டினேன். சாவியை அதிலேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். காலையில் திரும்பிப் போய் அளந்தேன். பின் சக்கரங்கள் இரண்டும் இப்போது சமம். இறக்கமே இல்லை.

முன் பக்கம் போய் டேப் பிடித்தேன்.

ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் பன்னிரண்டு மில்லி தாழ்ந்திருந்தது.