பேச்சைக் குறைத்துப் பாட்டைப் போடு

லௌடோகா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்றாலும் சரி, கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, யாராவது ஒருவர் வந்து என் தோளைத் தட்டுவார். "டீச்சர், ரேடியோல நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா பேச்சைக் கொறைச்சுப் பாட்டைப் போடுங்க." சொல்லிவிட்டு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல ஒரு சிரிப்பு வேறு. நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்ய, மார்க்கெட்டில் நின்று சண்டையா போட முடியும்?

அப்போது நான் இந்தத் தீவில் லௌடோகாவுக்குப் பக்கத்து ஊரான ட்ராசாவில் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரருக்குக் கரும்புத் தோட்டம். தென்னிந்தியச் சங்கத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் நடையாய் நடந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் தமிழுக்கு அரை மணி நேரம் வாங்கியிருந்தார்கள். அதில் பேச ஆள் தேடியபோது தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும்.

சங்கீதக்காரர்களோடு பேசுவது என்று முடிவு செய்தது நான்தான். பாட்டு எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். பாடுகிறவர் வாய் திறந்து தன் பாட்டைப் பற்றிப் பேசி யார் கேட்டார்கள்? சங்கம் வரவழைத்த வித்வான்கள், ஆஸ்திரேலியா வந்துவிட்டு இங்கேயும் இரண்டு நாள் தங்குகிறவர்கள், யார் கிடைத்தாலும் விடமாட்டேன். ஒருமுறை போலீஸ் பேண்டை நடத்துகிற கண்டக்டரைக்கூடப் பிடித்தேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இத்தனை பேர் ஊதுவதையும் தட்டுவதையும் ஒரே மூச்சாக்குவது எப்படி என்று மனுஷர் அவ்வளவு அழகாக விளக்கினார். மறுநாள் பஸ்ஸில் ஒருவர் கேட்டார்: "ஏன் டீச்சர், அந்த ஆளு எதுவும் ஊதலையா? சும்மா குச்சி ஆட்டுறதுக்கா சர்க்கார் சம்பளம் குடுக்குது?" வீணை வாசிக்கிற அம்மாள் ஒருத்தி, தந்தி அழுத்தி அழுத்தி விரல் காய்த்துப்போன கதையைச் சொன்னாள். அதற்கு வந்த ஒரே கேள்வி, அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது.

கோபம் வரும். பிறகு கோபம்கூட வராமல் போய்விட்டது. பிள்ளைகளுக்கு இந்திதான் வாயில் வருகிறது, தமிழ் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. கரும்பு வெட்டிக் களைத்து வந்தவனிடம் கமகத்தைப் பற்றிப் பேசினால் அவன் என்ன செய்வான் பாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எல்லோரிடமும் சமாதானம் சொல்லி, கடைசியில் எனக்கே சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இந்திக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் என்னைக் கண்டாலே ஒரே கேள்வி: "லோக் கா போலே ஹை?" சனங்க என்ன சொல்கிறார்கள் என்று. சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்குச் சொல்லி மாளாத அளவு நேயர்கள். என்னுடையதற்கு ஈ, காக்கை இல்லை. ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு பேச்சு ஒலிபரப்பலாம். அதற்கும் ஆள் அசையவில்லை என்றால் அந்த அரை மணியில் சினிமாப் பாட்டுதான்.

அந்த ஒரே ஒரு பேச்சுக்கு நான் பிடித்துவைத்திருந்தது ஒரு பிடில் வாத்தியாரை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சங்கம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்திருந்தது. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தார். கச்சேரியில் அவர் பக்கவாத்தியம். ஆயுசு முழுக்கப் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் போகிற வழியில் போனவர். என் மைக்கைப் பார்த்ததும் பிடில் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாடறவங்களைத்தான் அம்மா பேசச் சொல்லுவாங்க. எனக்கு யாரும் மைக்கை நீட்டினதில்லை. என்ன பேசறது?" என்றார்.

"மனசுல இருக்கிறதைப் பேசுங்க ஐயா."

ஆரம்பித்தார் பாருங்கள், மடை திறந்த மாதிரி. பாடகர் சுருதி விலகினால் சபைக்குத் தெரியாமல் எப்படி இழுத்து வருவது, பாடகருக்கு மறந்துபோன வரியை வில்லாலேயே எப்படி எடுத்துக் கொடுப்பது, கைதட்டு முழுக்க அந்தப் பக்கம் போகும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. மகள் செத்த சேதி வந்த அன்றைக்கும் மேடையேறியதைச் சொன்னார். "பாடறவர் சந்தோஷமான பாட்டா எடுத்தார். நானும் சந்தோஷமாவே வாசிச்சேன். அது என் வேலை." நான் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் சாயங்காலமானால் ரேடியோவில் சாவுச் செய்தி வாசிப்பார்கள். இன்னார் போய்விட்டார், இன்ன ஊர், இன்னாருடைய தகப்பனார், இன்ன வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். தீவின் மறுகோடியில் பினாங்கு சர்க்கரை மில் பக்கம் ஒருவர் கண்ணை மூடினால் ட்ராசாவுக்குச் சேதி வருவது ரேடியோவில்தான். அது முடிந்ததும் ஒரு ஆர்மோனிய ட்யூன் வரும், பிறகு என் தமிழ் அரை மணி. அந்த ட்யூன் கேட்டதும் பாதி வீட்டில் பேட்டரி மிச்சம் என்று ரேடியோவை மூடிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வாத்தியாருக்கு அந்த ட்யூன் பிடிக்கவில்லை. "சர்க்கஸ் வண்டி வர்ற மாதிரி இருக்கு அம்மா. என் பேச்சுக்கு முன்னாடி அது வேண்டாம், நானே கொஞ்சம் வாசிச்சுடறேன்" என்றார். சுபபந்துவராளியில் ஒரு சின்ன ஆலாபனை. கல்லும் கரையும். அதை முன்னால் வைத்து, அவர் பெயர், ஊர், குரு, "தற்போது ட்ராசாவில் எங்கள் வீட்டில்" என்று நான் நிதானமாகச் சொல்லி, பிறகு அவர் பேச்சு. கேட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இதற்கு அசையாத ஜென்மம் எதற்கும் அசையாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சாவுச் செய்தி முடிந்தது. ட்யூன் இல்லாமல் நேராகப் பிடில் எழுந்தது. வாத்தியார் முன்னறையில் பனியனும் வேட்டியுமாகக் கண்ணை மூடித் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் வாசலில் லாரிச் சத்தம்.

எட்டிப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர், கரும்பு லாரி ஓட்டுகிறவர், மூங்கிலும் தார்பாலினுமாக இறக்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் முதல் வேலை வாசலில் ஷெட் போடுவது. வருகிறவர்கள் உட்கார வேண்டுமே. அவர் பின்னால் அவருடைய தம்பிமார்கள், பெஞ்சுகளோடு. தெருக்கோடி ராவுத்தர் வீட்டம்மா தேயிலையும் சர்க்கரையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வருகிறாள். யாரோ குடிக்க யங்கோனா வேர்ப்பொடி கரைக்கிற தானோவா மரச்சட்டியைக்கூடத் தூக்கி வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே இது?" என்று ஓடினேன்.

"அழாதீங்க டீச்சர்" என்றார் லாரிக்காரர். நான் எங்கே அழுதேன்! "எப்பப் போச்சு? காலைல கூட மனுஷன் முருங்கைக் கீரை பறிச்சுக்கிட்டு இருந்தாரே!"

"யாரு?"

"வாத்தியாருதான்! இப்பத்தானே ரேடியோல சொன்னாங்க, பேரு, ஊரு, உங்க வீடு. பிடில் வேற அழுவுது."

"அவரு பேசிக்கிட்டு இருக்காரே அண்ணே ரேடியோல!"

"அது உசிரோட இருந்தப்ப பிடிச்சதுன்னு நெனச்சோம்."

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வாசலுக்கு வந்து நின்றார். ராவுத்தர் வீட்டம்மா "யா அல்லா!" என்று போட்ட சத்தத்தில் சர்க்கரை முழுக்கத் தரையில். பிறகு லாரிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார், எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும்தான். "எங்க ஊர்லயும் பெரிய மனுஷங்க போனா ரேடியோவில இந்த ராகம்தான். புத்தி எனக்கில்ல இருந்திருக்கணும்" என்றார்.

உள்ளே ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மகளைப் பற்றி அவர் சொன்ன இடம் அப்போதுதான் போனது. அந்தக் கூச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. எனக்கு யாரையாவது அறையலாம் போல இருந்தது.

வந்தவர்கள் போகவில்லை. போட்ட ஷெட்டைப் பிரிப்பானேன் என்று மீதியையும் கட்டி முடித்தார்கள். "இம்புட்டுத் தூரம் சாவுக்கு வந்தோம், செத்தவரே ஒண்ணு வாசிச்சா என்ன?" என்றார் லாரிக்காரர். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார். எங்கள் சங்கக் கச்சேரியில் காலி நாற்காலிகள்தான் கேட்கும். அன்றைக்கு அந்தத் தார்பாலினுக்குக் கீழே இருமல் சத்தம்கூட இல்லை. வோட்டுவாலேவிலிருந்து வாடகைக் கார் பிடித்து ஒரு பெண் தாமதமாக வந்து சேர்ந்தாள். புருஷனை அந்த வருஷக் கரும்பு வெட்டுச் சமயத்தில்தான் பறிகொடுத்தவள். விஷயம் தெரிந்தும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு ரேடியோல ஒரே வரிதான் டீச்சர். பேரைக்கூடத் தப்பாச் சொன்னாங்க. இந்த மாதிரி கொஞ்சம் பிடில் வெச்சிருந்தா மனசுக்கு ஆறுதலா இருந்திருக்கும். எல்லாருக்கும் வெக்கச் சொல்லுங்களேன்."

அந்த வாரம் முழுக்க நிலையத்துக்கு ஆள்மேல் ஆள். அத்தனை பேரும் கேட்டது சாவுச் செய்திக்கு அந்தப் பிடிலைத்தான். பேச்சைப் பற்றி ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. பொறுப்பாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். சனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், அந்தப் பிடிலை இனி தினமும் சாவுச் செய்திக்கு முன்னால் போடப் போகிறாராம். அப்போ என் அரை மணி என்று கேட்டேன். அது சினிமாப் பாட்டுதான், பேச்சைத்தான் யாரும் கேட்கவில்லையே என்றார். நியாயம்தான். சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை.

வேலை முடிந்து ஊர் திரும்பிய வாத்தியாரை வழியனுப்ப நாந்தி விமான நிலையத்துக்குப் போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் பேசினதைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா அம்மா?"

"நீங்க வாசிச்சதை ஊரே சொல்லுது ஐயா."

"அதை எங்க ஊர்லயே சொல்லியிருக்காங்களே" என்று சிரித்தார். "அந்த டேப்பு பத்திரமா இருக்கும், இல்ல? என்னிக்காவது யாராவது கேப்பாங்க."

இருக்கும் என்றேன். அப்படித்தான் நம்பினேன். அடுத்த மாதம் கேட்டு வாங்கிவரப் போனால், டேப்புக்குத் தட்டுப்பாடு என்று ஆலாபனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதிப் பேச்சை அழித்து அதன்மேல் சினிமாப் பாட்டு பிடித்து வைத்திருக்கிறார்கள். டேப்பைப் பார்த்துக்கொள்கிற நிலையத்துப் பையன் எனக்குப் போட்டும் காட்டினான், நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று கேட்டான்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தப் பிடில். குழம்பு தாளித்துக்கொண்டிருப்பேன், அது எழும். அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். தீவில் இருக்கிற குழந்தைகுட்டிக்கெல்லாம் அந்த ராகம் தெரியும், பேர்தான் தெரியாது. வாசித்தவர் யார் என்றும் தெரியாது.

சில வருஷம் கழித்துச் சங்கத்துக்குத் தந்தி வந்தது, வாத்தியார் தவறிவிட்டார் என்று. நிலையத்துக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய பிடிலே முன்னால் அழுதது, பின்னால் அவர் பெயர் ஒரு வரியில் போனது. நான் வாசலில் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், வாத்தியாரை மறுபடியும் சாகடிச்சுட்டீங்களா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மூங்கிலோடு வந்தார், தனியாக. அவர் குழி தோண்ட, நான் தார்பாலினைப் பிடித்துக்கொண்டேன். ஷெட் நின்றது. இரண்டு பேருக்கு ஒரு ஷெட். யங்கோனாவைக் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். நான் உள்ளே போய் ரேடியோவைத் திருகினேன், ஏதாவது பாட்டு வரட்டும் என்று.

"பாட்டு வேணாம் டீச்சர்" என்றார். "அன்னிக்கு மனுஷன் என்னமோ பேசினாரே. நாங்க போட்ட கூச்சல்ல ஒண்ணும் கேக்கல. அதைப் போடுங்க."