பிள்ளையை அனுப்பலாமா என்று பார்க்கப் போனவள்

அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருப்பவள் நல்ல தாயா என்று எழுதிக் கொடுப்பதுதான் நான் பார்த்த முதல் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. எனக்கு இருபத்து நான்கு வயது; கல்யாணம்கூட ஆகவில்லை. விருதுநகரில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் சமூகப் பணியாளர் என்று பெயர். இல்லத்தில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களிடம் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் நான் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு ஒரு குழு கூடி முடிவு சொல்லும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு அக்கா. வெடி கம்பெனியில் வேலை. புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். ஒரே மகள், ஒன்பது வயது. பரீட்சை லீவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கம்பெனிக்குக் கூடவே கூட்டிப் போயிருக்கிறாள். அன்றைக்கென்று குழந்தைத் தொழிலாளர் சோதனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் குழாய் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையை ஜீப்பில் ஏற்றி எங்கள் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் முதல் தடவை போனபோது அவள் வாசலிலேயே காத்திருந்தாள். தோள்பையோடு போகிற பெண் எல்லாம் அந்தத் தெருவுக்கு டீச்சர்தான். என்னையும் அப்படியே கூப்பிட்டாள். கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்து உடைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை சுவரோரம் நின்றாள். என் கையில் ஐந்து பக்கப் படிவம். குழந்தைக்குப் படிக்கத் தனி இடம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. வீடே ஒரே அறை. கேள்வியை எழுதிய மகராசன் சிவகாசிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். கம்பெனி வேன் தன்னை இறக்கிவிடவே இருட்டிவிடும், சீசன் என்றால் இன்னும் பிந்தும் என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். ‘மேற்பார்வை இல்லை’ என்று எழுதினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். நீங்கள் மட்டும் வீட்டோடு இருந்தால் பிள்ளை வந்துவிடும் அக்கா என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். தெருமுனையிலேயே நின்று சிரித்த முகமாகக் கூட்டிப் போனாள். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. பசை வாளி, வெட்டிய காகிதக் கட்டுகள், உருட்டிக் காயவைத்த வெடிக் குழாய்கள்.

“நீங்க சொன்னீகல்ல டீச்சர், கம்பெனிய விட்டுட்டேன். இப்ப குழா உருட்டுறது வீட்டுலயே. எந்நேரமும் இங்கனதான் இருக்கேன்” என்றாள்.

படிவத்தின் நான்காம் பக்கத்தில், குழந்தையை ஈடுபடுத்தக்கூடிய தொழில் வீட்டுக்குள் நடக்கிறதா என்று கேட்டிருந்தது. நடக்கிறது. நான் சொல்லித்தான் நடக்கிறது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. இதை மட்டும் எழுதாமல் விடலாமா என்று இல்லத்தின் பொறுப்பாளரிடம் கேட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் குழாய் உருட்டினால் நீ பதில் சொல்வாயா என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் பலர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எழுதினேன். பிள்ளையை நேரில் கேட்டு முடிவு செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

குழு கூடிய அன்று பிள்ளை எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு வந்திருந்தாள். அம்மா கதவோரம் நின்றாள். குழுவில் மூத்தவர் அன்பாகத்தான் கேட்டார், வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய் என்று. படிப்பேன் என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சியில் கற்றது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னாள்.

“அம்மாவுக்குக் குழா உருட்டிக் குடுப்பேன் சார். நான் வேகமா உருட்டுவேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, அது செத்த நேரம் படுத்துக்கிடட்டும்.”

நான் நல்ல பிள்ளை, என்னை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு வேறு வழி தெரியாது. எனக்கு அது புரிந்தது. அங்கே எழுந்து சொல்லத்தான் தைரியம் இல்லை. அந்தக் கோழைத்தனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவையும் மகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, படிப்பு முடியும்வரை பிள்ளை இல்லத்திலேயே இருக்கட்டும் என்று மூத்தவர் எழுதினார்.

நான் வெளியே வந்தபோது பிள்ளையை இல்லத்து வேனில் ஏற்றியிருந்தார்கள். அந்த அக்கா என்னிடம் ஓடிவந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

“எம்மக பயப்படாம நல்லாச் சொல்லிட்டால்ல டீச்சர்? எப்ப அனுப்புவாக?”

நல்லாச் சொன்னாள் அக்கா என்றேன். முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் கடிதம் படிக்கத் தெரிந்தவள் மகள் ஒருத்திதான்.