பதினொரு தாள்களும் ஒரு துரைக் கடிதமும்

2024 ஜூன் 8, சனிக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். கண்டியில் மழை, பலமில்லை. ஆறு மணிக்குள் குளித்துவிட்டு இரண்டு சட்டைகளை அயர்ன் செய்தேன்: ஒன்று அன்றைக்கு, மற்றது திங்கட்கிழமை அலுவலகத்துக்கு. ஏழு மணிக்குப் பாணும் பருப்பும். பையில் வைத்தவை: கூட்டக் குறிப்புப் புத்தகம், அச்சகத்திலிருந்து திருத்துவதற்கு வந்த தாள்கள், இரண்டு சிவப்புப் பேனை. எட்டே காலுக்கு வத்தேகம பஸ். வலது பக்கம், மூன்றாவது ஆசனம். ஒன்பது ஐந்துக்கு இறங்கினேன். கூட்டம் பத்து மணிக்கு.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான் ஒன்பது வருடமாகச் செயலாளர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வத்தேகமையில் தலைவரின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் கூடுவோம். இரண்டு வருடமாக நாங்கள் படித்துக்கொண்டிருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் அடிமை ஒழிப்பு இயக்கம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், மடவளைப் பக்கத்து முஸ்லிம் டீச்சர், கட்டுரைகளை மொழிபெயர்த்து வாசிப்பார். பெண்கள் வீடு வீடாகப் போய் மனுக்களுக்குக் கையெழுத்து வாங்கியதையும், அந்த மனுக்களை எடுத்துப் பேசவே கூடாதென்று அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை பல வருடங்களுக்கு விதி செய்து வைத்திருந்ததையும் அவர் வாசித்தபோது தலைவர் கண் கலங்கினார். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். தலைவருக்கு அடிமை ஒழிப்பு மிகவும் பிடித்திருந்தது. அது வெகு தூரத்தில் நடந்து முடிந்துபோன காரியம் என்பதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இதையெல்லாம் தொகுத்து ஒரு மலர் போடத் தீர்மானித்தோம். கடைசிப் பகுதியில் நம் மலைநாட்டிலே ஆட்கள் கூடி எதையாவது மாற்றிய அனுபவங்கள் இரண்டு மூன்று வரவேண்டும் என்றார் டீச்சர். அவர் ஒரு காலத்தில் ஹுன்னஸ்கிரிய பக்கத்துப் பாடசாலையில் படிப்பித்தவர். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் தன் கதையை எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, அந்தக் கொப்பியை வாங்கிவந்து என்னிடம் தந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தங்கள் லயத்து வரிசை வீடுகளில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், விற்றதைப் பதினான்கு பெண்கள் சேர்ந்து நிறுத்திய கதை அது. மாலையில் கொழுந்தை எடைபோட்ட பிறகு முறை வைத்து, விற்பவனின் வாசலுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்களாம். அமெரிக்காவிலும் அடிமை முறையை எதிர்த்தவர்களில் பலர் மதுவையும் எதிர்த்தவர்கள் என்பதால் மலருக்குப் பொருத்தமாக இருந்தது. நான் முழுக்க வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மே மாதம் முதல் வாரத்தில் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, மலருக்கு என் கட்டுரை. அமெரிக்காவில் தப்பி வந்த அடிமைகள் தங்கள் வரலாற்றை எழுதினால், அதை அவர்கள்தான் எழுதினார்கள், அதில் உள்ளது உண்மை என்று வெள்ளைக்காரக் கனவான் யாராவது கடிதம் தரவேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சிடுவார்கள். அதைப் பற்றிய கட்டுரை. உண்மை என்று நிரூபிக்க ஊரையும் எஜமானையும் சொல்லியாக வேண்டும், சொன்னால் எஜமான் ஆளனுப்பிப் பிடிக்கலாம் என்றும் அதில் எழுதினேன். அந்தப் பந்தியை நான்கு தடவை திருத்தினேன்.

மற்றது, எழுதித் தருபவர்களுக்கான சுற்றறிக்கை. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருடமாக எழுதுவினைஞர். எங்கள் அலுவலகத்துக்கு வரும் எந்த விண்ணப்பமும் கிராம சேவகர் கடிதம் இல்லாமல் என் மேசையைத் தாண்டாது. தோட்டத்து ஆட்கள் என்றால் அதற்கு மேல் தோட்ட ஆபிஸ் கடிதம். தண்ணீருக்கும் அது, பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கும் அது, அடையாள அட்டைக்கும் அது. ஆகவே மூன்றாவது விதி என் கையிலிருந்து தானாக வந்தது: தோட்டங்களில் வசிப்போர் தமது ஆக்கத்தின் மூலப் பிரதியைக் காண்பித்து, தோட்ட நிர்வாகத்திடம் உறுதிப்படுத்தும் கடிதம் பெற்று இணைத்தல் வேண்டும்.

சுற்றறிக்கை நிர்வாகக் குழுவில் வாசிக்கப்பட்டது. ஆறு பேரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. அவர் அன்று நேரம் பிந்தி வந்தார் என்று குறிப்பில் இருக்கிறது.

ஜூன் 8 கூட்டத்துக்கு அந்தப் பெண் பத்து இருபதுக்கு வந்தார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து இரண்டு பஸ் மாறி. தலைவர் வாங்கம்மா என்று வாயார வரவேற்று, கதவோரமாக ஒரு கதிரையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. மேசைக்கு வந்து கொப்பியையும் ஒரு கடித உறையையும் என் முன்னால் வைத்தார். தலைவர் உறையை எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தாள், முத்திரை, தோட்ட மேலாளரான துரையின் கையொப்பம். இன்னார் எமது தோட்டத்தில் பணிபுரிகிறார், அவருடைய கட்டுரையை நாம் வாசித்தோம், அதில் உள்ள விடயங்கள் உண்மையானவை. தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். ஒரு துரை நம் வட்டத்துக்குக் கடிதம் தந்திருக்கிறார், இதை அப்படியே படமெடுத்து மலரின் முதல் பக்கத்தில் போடவேண்டும் என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

நான் கொப்பியை எடுத்துப் பக்கங்களைச் சரிபார்த்தேன். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அது என் பழக்கம். அவர் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் இலக்கமிட்டிருந்தார். 22க்குப் பிறகு 45 வந்தது. தையலை ஒட்டி பிளேடால் வெட்டியிருந்தார்கள், கோணாமல், சுத்தமாக. பதினொரு தாள்கள். 22ஆம் பக்கத்தின் கடைசி வரியில் பதினான்கு பேரும் லயத்திலிருந்து இறங்கிப் போகிறார்கள். 45இன் முதல் வரியில் லயத்தில் கசிப்பு இல்லை.

தாள்கள் குறைகின்றன என்று சொன்னேன்.

அதற்காகத்தான் வந்தேன் என்றார் அவர். நடந்ததை நின்றபடியே சொன்னார். வேலை முடிந்து ஆபிசுக்குப் போனாராம். பெரிய கிளாக்கர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துரை பார்க்கவேண்டும், வைத்துவிட்டுப் போ என்றாராம். பதினாறு நாள் கழித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வெட்டியிருப்பதைக் கண்டு அந்தத் தாள்களைக் கேட்டபோது, எந்தத் தாள் என்று கிளாக்கர் திருப்பிக் கேட்டாராம். காணாமல் போன பக்கங்களில் இருந்தது என்னவென்று அங்கே இருந்தவர்களில் அவரைத் தவிர டீச்சருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கசிப்புக்காரனுக்குக் காய்ச்சுவதற்குச் சீனி மூட்டை இறக்கிக் கொடுத்தது தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. பெண்கள் எதிர்த்து உட்கார்ந்தது உண்மையில் அவரை.

தலைவர் கொப்பியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். ஒருவருடைய பெயரைப் போட்டு ஏதாவது எழுதினால் மானநஷ்ட வழக்கு தன் கடைக்குத்தான் வரும், தோட்டத்துக்காரர்கள் நமக்கு நல்லதே செய்திருக்கிறார்கள் என்றார். இப்போதுதான் வாசிக்க இலகுவாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"தலையும் இருக்கு, வாலும் இருக்கும்மா. வயிறு மட்டும் கொஞ்சம் இளைச்சிருக்கு, அவ்வளவுதான்."

கைதட்டிய அதே இருவர் சிரித்தார்கள்.

"அந்த வயித்துலதான் முதலாளி, நாங்க பதினாலு பேரும் இருக்கோம்," என்றார் அவர்.

தனக்கு வேண்டியதையும் அவரே சொன்னார். போன பக்கங்களைத் திரும்ப எழுதித் தருவார், ஒரு மாதம் வேண்டும். துரையின் கடிதம் வேண்டாம். போடுவதென்றால் முழுவதையும் போடவேண்டும். இப்படி வெட்டியதைப் போட்டு அதற்குக் கீழே தன் பெயரை எழுதக்கூடாது. மற்றப் பதின்மூன்று பேருக்கும் அவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் தான் கணக்கப்பிள்ளைக்குப் பயந்துபோய் விட்டுவிட்டதாகத்தான் நினைப்பார்கள். அதே லயத்தில் தான் குடியிருக்க வேண்டும் என்றார்.

தலைவர் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பதிவு செய்தாகிவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விதி என்ன என்று செயலாளர் சொல்லட்டும் என்றார்.

நான் சொன்னேன். சொன்னதைக் குறிப்புப் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கிறேன்: உறுதிப்படுத்தும் கடிதம் இல்லாத ஆக்கம் ஏற்றுக்கொள்ளப்படாது. புதிதாகச் சேர்க்கப்படும் பக்கங்களுக்கு இந்தக் கடிதம் செல்லாது.

அவர் என்னைத்தான் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சேர், மூணு வருசமா அந்தக் கொப்பிய அரிசி டின்னுக்குள்ள வச்சிருந்தேன். ஆபிஸ்ல காட்டணும்னு எழுதி அனுப்பினது நீங்க. நீங்க சொன்னதாலதான் நானே கொண்டு போயி அவங்க கையில குடுத்தேன்."

டீச்சர் என் பையின் மேலிருந்த அச்சகத் தாள்களில் என் கட்டுரையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊரையும் எஜமானையும் சொல்லும் அந்தப் பந்தியை முழுதாக உரக்க வாசித்தார். பாடசாலையில் பிழை செய்த பிள்ளையின் கட்டுரையை வாசிப்பதுபோல, ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி.

"இது நீங்க எழுதினது தானே? செல்லுங்க."

ஆம் என்றேன்.

"அப்ப மூணாவது விதிய எழுதினது ஆரு?"

அதுவும் நான்தான் என்றேன். இரண்டையும் ஒரே வாரத்திலா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைவர் மேசையில் தட்டினார். அது அமெரிக்கா, அது சரித்திரம், இங்கே யாரும் யாருக்கும் அடிமையில்லை, டீச்சர் இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்றார். டீச்சர், குழப்பவில்லை, இரண்டு வருடமாக ஒன்றும் விளங்காமல்தான் இங்கே உட்கார்ந்திருந்தீர்களா என்று கேட்டார். தலைவர் தன் மாடியில் இருந்துகொண்டு தன்னிடம் இப்படிப் பேசக்கூடாது என்றார். அந்தப் பெண் இடையில் பேசினார்.

"நான் அடிமைன்னு எங்கயும் எழுதல்ல முதலாளி. எழுதினத வெட்டிட்டாங்கன்னு மட்டுந்தான் சொன்னேன்."

கொப்பியைத் தலைவரின் கையிலிருந்து எடுத்தார். பிடுங்கவில்லை; தலைவர்தான் ஒரு கணம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை எடுக்கவில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டது நீங்கள்தானே என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினார். மணி பதினொன்று ஐந்து. அவர் அந்த அறையில் இருந்தது நாற்பத்தைந்து நிமிடம். கதிரையில் ஒரு தடவையும் உட்காரவில்லை. ஒருவரும் அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது சண்டைதான். டீச்சர் தன் மொழிபெயர்ப்புகள் அனைத்தையும் திரும்பக் கேட்டார். தலைவர் அவை வட்டத்தின் சொத்து என்றார். அந்தப் பெண்ணின் கதை போனதால் மலரில் காலியான பக்கங்களில் கடை விளம்பரம் போடலாம் என்று சிரித்தவர்களில் ஒருவர் யோசனை சொன்னார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. படியிறங்கும்போது டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒன்று சொன்னார்: நீங்கள் எல்லாவற்றையும் டயறியில் எழுதுகிறவர், கொப்பியை முழுக்க வாசித்தவர், அந்தப் பதினொரு தாளில் இருந்ததையும் எழுதித்தானே வைத்திருப்பீர்கள், போய்ப் பாருங்கள், அவருக்காவது உதவும்.

ஒன்று ஐம்பதுக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடுவதற்கு முன்னரே டயறியை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. எழுதியிருந்தது இவ்வளவுதான்: கொப்பி வாசித்து முடித்தேன். 64 பக்கம். நீலப் பேனை, கையெழுத்து தெளிவு. எழுத்துப் பிழைகள் உண்டு, பென்சிலால் அடையாளமிட்டேன். நடுப்பகுதி சற்று நீளம்.

நீளமான அந்த நடுப்பகுதியில் ஒரு பெண்ணைக் கொழுந்துக் கூடையோடு வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள் என்பது நினைவிருக்கிறது. அவர் பெயர் நினைவில்லை. அவர் எழுந்து வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். அல்லது அது டீச்சர் வாசித்த அமெரிக்கக் கட்டுரைகளில் வந்த யாரோ ஒருத்தியாகவும் இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. டயறியில் உள்ளதை டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பிழைகளை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாலை நான்கரைக்கு உட்கார்ந்து தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூலப் பிரதியைக் காட்டும்படி கேட்டது வாசகர் வட்டத்தின் செயலாளராகிய நான். அகற்றப்பட்ட பதினொரு தாள்களும் எழுதியவருக்குச் சொந்தமானவை. அவற்றை ஏழு நாட்களுக்குள் அவரிடம் திருப்பிக் கையளிக்க வேண்டும். தவறினால் பொலிசில் முறையிடப்படும். இரண்டு பிரதி. ஒன்றில் கையொப்பமிட்டேன். எழுதி முடித்தபோது மனம் இலேசானதுபோல இருந்தது. அதை நான் நம்பியிருக்கக் கூடாது. சுற்றறிக்கையை எழுதி முடித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. முகம் கழுவுவதற்கும் முன்னதாக, ஐந்து நாற்பதுக்கு, டீச்சரிடம் முன்பு வாங்கியிருந்த இலக்கத்தில் அந்தப் பெண்ணை அழைத்தேன். நான் யாரென்று சொன்னேன். பின்னால் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்டது. கடிதத்தைப் பற்றிச் சொல்லி, அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நீங்கள் கண்டியில் இருந்து கையொப்பம் வைப்பீர்கள், கணக்கப்பிள்ளை வந்து நிற்பது என் வாசலில் என்றார். என்னால் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். நேற்றே வேறு கொப்பி வாங்கிவிட்டதாகவும், பதின்மூன்று பேரில் நால்வர் இரவே வந்து நடந்ததை ஒழுங்காகச் சொல்லித் தந்ததாகவும் சொன்னார். அதை எழுதி முடித்ததும் எங்களுக்குத் தருவீர்களா என்றேன்.

"ஒங்களுக்கு எழுதல்ல சேர்," என்றார். "இனிமே கூப்பிடாதீங்க."

இரண்டு பிரதிகளையும் நான்காகக் கிழித்து அடுப்புக்குப் பக்கத்து வாளியில் போட்டேன். நேரம் ஐந்து நாற்பத்தாறு.