லாபிஸிலிருந்து புறப்பட்ட இரண்டு சைக்கிள்கள்

ரப்பர் விலை விழுந்துபோன காலம் அது. மலாயாவில், ஜொகூரின் லாபிஸ் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவாமலே விட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஆட்களை ரயிலில் பினாங்குக்கு அனுப்பி, அங்கிருந்து ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார். ஆட்கள் குறைந்ததும் துரை அவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியை மூடப்போவதாகவும் மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இருவருக்கும் கப்பல் டிக்கெட் உண்டாம்.

டிக்கெட் இருந்து என்ன? எங்களுக்குப் போக இடமில்லை. நான் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். இரண்டு பேரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவருக்கு ஊரில் தேர் ஓடும் தெருவில் வீடு. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. இங்கே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவர் எனக்குத் தாலி கட்டியது தெரிந்ததும், அவருடைய அம்மா ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்: மகன் வரலாம், கூட யாரும் வரக் கூடாது.

சைக்கிளில் போகும் யோசனை அவருடையது. முந்தின வருஷம் பம்பாய்க்கார வாலிபர்கள் இருவர் சைக்கிளில் உலகம் சுற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வடக்கே அடுத்த ஊரான சிகாமட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் அவர்கள் பேசியதை இவர் கேட்டுவிட்டு வந்திருந்தார். சயாம், பர்மா, இந்தியா, பாரசீகம், துருக்கி, அப்புறம் ஐரோப்பா. போகிற ஊரிலெல்லாம் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தார்களாம்.

"எங்கேயும் ஒக்காந்தாத்தான் நீ யாரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க" என்றார். "போய்க்கிட்டே இருந்தா எங்கே போறேன்னு மட்டுந்தான் கேப்பாங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் வேறு எந்த யோசனையிலும் நாங்கள் இருவரும் சேர்ந்து இல்லை.

லயங்களைச் சுற்றி வர அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எனக்கு ஒன்று வேண்டும். லாபிஸ் கடைத்தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் சீனருக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. வாரக்கணக்கில் இவர்தான் கழுவிக் கட்டி ஆற்றினார். அந்த மனிதர் பழைய சாமான்களைச் சேர்த்து எனக்கொரு சைக்கிள் பூட்டிக்கொடுத்தார். எங்கே போகப்போகிறோம் என்று கேட்டவர், பதிலைக் கேட்டு "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு டியூபும் ஒட்டுப் போடும் பசையும் எடுத்துவந்து தந்தார்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டப் பழகினேன். முதல் நாள் புடவை சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது. மறுநாள் அவருடைய கால்சட்டையைப் போட்டுக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மரம் சீவிவிட்டு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விழுந்தேன், முழங்கை தோல் உரிந்தது, மறுபடி ஏறினேன். வெட்கப்படக்கூட அப்போது எனக்கு நேரமில்லை. மாதம் முடிந்துகொண்டிருந்தது.

வெள்ளோட்டமாகத் தெற்கே லாயாங் லாயாங் ஊர் வரைக்கும் ஒரே நாளில் போவது என்று முடிவு செய்தோம். அது முடிந்தால் சயாமுக்கும் போகலாம் என்பது அவர் கணக்கு. விடியும்போது கிளம்பினோம். அரிசி, கொய்னா, போர்வை எல்லாவற்றையும் பின்னால் கட்டியிருந்தோம். மத்தியானம் வரை நன்றாகத்தான் போனது. நான் அவரை முந்திக்கொண்டு இறக்கத்தில் விட்டபோது வாய்விட்டுச் சிரித்ததுகூட ஞாபகமிருக்கிறது.

பிறகு மழை பிடித்தது. லாயாங் லாயாங்குக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டித்திருந்தது. பழைய மலேரியா. ஊருக்கெல்லாம் கொய்னா கொடுத்தவர் தன் காய்ச்சலை மூன்று நாளாக என்னிடம் மறைத்திருக்கிறார்.

சாலையில் ஒரு வண்டி இல்லை. அவரைச் சைக்கிள் மேல் சாய்த்துத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். கத்தினேன். ரப்பர் காட்டுக்கு அப்பாலிருந்த கம்பத்து வீடுகளிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் தலையில் வாழையிலையைப் பிடித்தபடி ஓடிவந்தாள். என் கால்சட்டையைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு அவருடைய தோளின் மறுபக்கத்தைப் பிடித்து, "மாசோக், மாசோக்" என்று வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாயில் படுக்கவைத்தாள். எனக்கு மாற்ற ஒரு சாரோங் கொடுத்தாள்.

காய்ச்சல் இறங்கியதும் அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"என்னால முடியாது. பர்மா காட்டுல நான் விழுந்தா நீ என்ன பண்ணுவே?"

"இங்கே விழுந்தப்போ என்ன பண்ணேனோ அதத்தான் பண்ணுவேன்."

"நான் மட்டும் கப்பல்ல போறேன். அம்மாகிட்ட பேசிப் பாத்துட்டு ஒன்னைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுவீங்களா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தப் பெண் கொண்டுவந்த கஞ்சியை அவருக்கு ஊட்டினேன்.

மறுநாள் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் சைக்கிள்களைச் சாமான் பெட்டியில் ஏற்றி ரயிலில் திரும்பினோம். அதற்குப் பிறகு வீட்டில் அதிகம் பேச்சில்லை. அவர் தகரப் பெட்டியில் தன் வேட்டி சட்டைகளை அடுக்கினார். என்னுடையதை நான் சைக்கிளில் கட்டினேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

கடைசி ஆட்களை ரயிலேற்றும் நாள் வந்தது. அவர் பெட்டியோடு வாசலில் நின்று, "நீ எங்கே போவே?" என்று கேட்டார்.

"தெரியாது. வடக்கே போறேன். நின்னாத்தானே கேள்வி."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். அழுகையில் பாதை சரியாகத் தெரியவில்லை. ஏழெட்டு வீட்டுப் பெண்கள் மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நிற்கவில்லை. சிகாமட் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ரயில் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னல்களைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசிப் பெட்டியும் போன பிறகு எனக்கு மிதிக்கவே வலுவில்லை. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எங்கே படுப்பேன், எவன் வழிமறிப்பான், ஒன்றும் தெரியவில்லை. சாலை ஓரத்தில் உட்கார்ந்து செத்துப்போகலாமா என்றுகூட நினைத்தேன்.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. அவர்தான். மூச்சு வாங்க மிதித்து வந்து பக்கத்தில் இறங்கினார். தகரப் பெட்டி இல்லை. முகத்தைப் பார்க்காமல் என் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கு. இப்படியே ஓட்டினா டியூப் போயிடும்லா" என்றார்.

அவர் பம்பு அடித்து முடிக்கும்வரை நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐரோப்பாவை நாங்கள் பார்க்கவில்லை. சயாம் எல்லையைத் தாண்டிச் சில ஊர்கள் போனோம். காய்ச்சல் மறுபடி அவரைப் படுக்கவைத்தது. திரும்பி வரும் வழியில் மலாயாவின் வட கோடியில், கெடாவில் ஒரு தோட்டத்தில் டிரசர் இல்லாமல் ஆட்கள் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த துரை எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஜொகூரிலிருந்து என்றோம். வேறெதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரிச் சாவியைக் கொடுத்தார்.