போர்ச்சுகலுக்கு டிக்கெட் போடச் சொன்னேன்

இன்று மதியம் என் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். போர்ச்சுகலில் படிக்கிறாள். லீவு நாளாம், கிராமம் கிராமமாக நடந்துகொண்டிருந்தாள்.

நான் தறியில் இருந்தேன். கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். வலக்கரைக்கு, நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது நான்தான். என் கரையில் ஒரு பிசிறு இருக்காது. ஆனால் நான் எழுந்தால் வீட்டுக்காரர் கையும் நின்றுவிடும். போனைத் தூணில் சாய்த்துவைத்தேன்.

திரையில் வெள்ளை வீடுகள், கல் மதில், உள்ளே ஆரஞ்சுத் தோட்டம்.

"ஆயா, ஒரு மாசம் வந்து எங்கூட நட. டிக்கெட் போடட்டா?"

நான் வாய் திறக்குமுன் இவர், "அவ போயிட்டா நாடாவ யாரும்மா தள்றது?" என்றார்.

தோட்டத்தில் ஒரு கிழவர் ஏணியில் நின்று பழம் பறித்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

"அந்தம்மா எங்கனா வெளியூரு போயிருக்காங்களா, கேளுடி."

கேட்டாள். "'நான் போனா ஏணிய யாரு புடிப்பா'ன்றாங்க ஆயா."

இவர் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டிக்கெட் போடுடி" என்றேன்.

தறி நின்றது. இவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு மாதம் வலப்பக்கம் உட்கார யாராவது வருகிறீர்களா? மதியச் சோறு உண்டு. முறைத்தால் பயப்படாதவர்களாக இருந்தால் நல்லது.