கிருபைக்குக் கீழே உள்ள பெயர்கள்

கிறிஸ்தவக் கல்யாணக் கார்டு அடிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: 'தேவனுடைய அளவற்ற கிருபையினால்' என்ற முதல் வரியை அவன் டைப் செய்யவே வேண்டாம். பழைய ஃபைலைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருக்கும் நான், இருபத்து நான்கு வருஷமாக அந்த வரியைத் தொட்டதே இல்லை. வில்லங்கமெல்லாம் அதற்குக் கீழே, 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று போட்டு வரிசையாக உறவினர் பெயர்களை அடுக்குவோமே, அங்கேதான். யார் பெயர் முதலில், யாருக்கு டிகிரி விட்டுப்போயிற்று, யார் பெயரைப் பார்த்தால் யார் வரமாட்டார். வீட்டில் ஒரு கார்டாவது அடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

இந்த வருஷம் நானே பட்டேன். என் மகள் பெனிட்டாவின் கல்யாணத்துக்கு சர்ச்சில் முதல் ஓலை வாசிக்க, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு முன் அறிவிக்க, ஒரு வாரம்தான் இருந்தது. ஆனால் அச்சகக்காரன் மகளின் கார்டு மெஷினில் ஏறவில்லை. சரிபார்க்க எடுத்த ப்ரூஃபில் ஒரு வரி காலி. அது முடிச்சூரில் இருக்கும் என் அண்ணன் வில்சனின் இடம்.

அண்ணன் செய்த குற்றம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்பு தன் மகன் கல்யாணக் கார்டை வேறு அச்சகத்தில் அடித்துவிட்டார். நான் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கவரின் மேல் பளபளவென்று தங்க ஃபாயில் எழுத்து. ஃபாயில் மெஷின் என்னிடம் கிடையாது. பெருவெள்ளத்தின்போது இரண்டு வாரம் என் வீட்டில் குடும்பத்தோடு இருந்தவர், ஊருக்கே கார்டு அடிக்கிற தம்பியை விட்டுவிட்டு எங்கேயோ போய் அடித்திருக்கிறார். கவரைப் பிரிக்காமலே கடைக்குக் கொண்டுபோய் டிராயரில் போட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை, மனைவி எஸ்தரையும் மகளையும் போக விடவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

காலி இடம்

அந்த வாரம் வந்த முதல் வாடிக்கையாளர் ரிட்டயர்டான ஒரு தலைமை ஆசிரியை. கண்ணாடியைத் தூக்கி ப்ரூஃபைப் பார்த்தாலே எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும். வீட்டுக் கல்யாணக் கார்டை ஆறு முறை திருத்தி, ஏழாவது முறை வந்தபோது தன் நாத்தனார் கணவர் பெயரை எடுக்கச் சொன்னார். புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு அவர் வரவில்லையாம், வராததற்குச் சொன்ன காரணமும் பொய்யாம்.

எடுத்தேன். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. டீச்சருக்கு இடைவெளி பிடிக்காது. கார்டின் மேலே அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்த வசனத்தைக் காட்டினார். ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டும் என்கிற வசனம் அது. பிறகு மிகவும் நிதானமாகச் சொன்னார்: "அவர் பேரை எடுத்ததுல இடம் கெடைச்சுருச்சு பாருங்க, அந்த வசனத்தைக் கொஞ்சம் பெருசா போட்டுடுங்க."

வழக்கமாக இதை வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. என் மகள் கார்டிலும் அதே அளவு இடம் காலியாக இருந்தது.

மச்சான் பேர்

பெருங்களத்தூரிலிருந்து வரும் ஏழுமலை அண்ணன் நமக்குப் பழைய வாடிக்கை. அந்தக் காலத்தில் அவர் நெல் போட்ட நிலத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் என் மேஜையிலிருந்த ப்ரூஃபை எடுத்துப் பார்த்தார். எல்லாக் கிறிஸ்தவக் கார்டிலும் இந்தக் கிருபை இருக்கிறதே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவன், விடுவேனா? நாம் நல்லவர்கள் என்பதால் கடவுள் கொடுப்பது சம்பளம் மாதிரி. நாம் எதற்கும் லாயக்கில்லை என்று தெரிந்தும் கொடுப்பதுதான் கிருபை. அதை வாங்கிக்கொண்டவன் அடுத்தவனுக்கும் அப்படியே கொடுக்க வேண்டும். இப்படியெல்லாம் ஐந்து நிமிஷம் விளக்கினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, தன் பத்திரிகையில் முதல் ஆளாகப் போட்டிருந்த மைத்துனர் பெயரைத் தொட்டுக் காட்டினார். குடும்பத்தில் சண்டை போடாத ஆளே பாக்கியில்லாத மைத்துனர் அவர்.

"இவன் எங்க யாரையும் மதிச்சதே கெடையாது. நாங்களும் எல்லாப் பத்திரிகையிலயும் மொத பேரா போட்டுகினுதான் கீறோம். அதுக்கு உங்க சர்ச்சுல இன்னா பேரு சார்?"

வேறொரு அம்மா

பழைய ஃபைலைத் திறந்து புதுப் பெயர்களைப் போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. நூறு முறை சரியாகச் செய்தவன் நூற்றியோராவது முறை ஒரு பெயரை மாற்ற மறப்பான். அந்த வாரம் நான் மறந்தேன். சேலையூரில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா அக்காவின் மகன் கல்யாணக் கார்டு. மணமகன் பெயர் சரி, அப்பா பெயர் சரி. அப்பாவுக்குப் பக்கத்தில் 'திருமதி' என்று போட்டு, முந்தைய வாடிக்கையாளரின் மனைவி பெயர். நானூறு கார்டு.

அக்கா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாக வீட்டுக்காரரோடு குப்பை கொட்டியது தானாம், பெயர் மட்டும் யாரோ ஓர் அம்மாவுக்குப் போய்விட்டதாம். அதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னார். ப்ரூஃபைத் தானும் வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே என்றுதான் போட்டதாகவும், திரும்ப அடிக்க நாள் இல்லையென்றும், போனது போகட்டும், ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். என்னால் தாங்க முடியவில்லை. தப்பு செய்துவிட்டுத் திட்டு வாங்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பத்துக் கார்டுக்கு ஒரு முறை 'ஸாரிக்கா' சொன்னேன். நூற்றைம்பதாவது கார்டில் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிச்சாச்சுன்னு சொல்லி அரை மணி நேரமாச்சு. நீங்க இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுகிட்டு இருந்தா நான் இன்னொரு தடவை எப்படி மன்னிக்கிறது? அடுத்த கட்டைப் பிரிங்க."

பெயர் தெரியாத மருமகள்

மீதிக் கார்டை ஒட்டும்போது, மேஜையில் கிடந்த என் மகள் ப்ரூஃப் அக்காவின் கண்ணில் பட்டது. அந்தக் காலி வரி யாருக்கு என்று கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். ஃபாயிலை இரண்டு முறை சொன்னேன். அக்கா எனக்குப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அவருக்கு ஒட்டுகிற வேலைதான் முக்கியமாக இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"சரி, நாளைக்கு நீங்க மனசு மாறி அண்ணன் பேரு போடறீங்கன்னே வெச்சுக்குவோம். பையன், மருமக எல்லாரையும் சேர்த்துத்தானே போடணும். அந்தப் பொண்ணு பேரு என்னங்க?"

எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமான பெண்ணின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

டிராயர்

மறுநாள் மத்தியானம் எஸ்தர் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, 'உங்கள் மருமகள் பெயர் என்ன' என்றா கேட்பது? அப்போதுதான் டிராயர் ஞாபகம் வந்தது. பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் கவர் அப்படியே இருந்தது. ஃபாயில் மங்கவில்லை, நல்ல வேலைதான். பிரித்தேன்.

பெண்ணின் பெயர் ஷைனி. அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கார்டை மூடப்போனேன், எஸ்தர் கையைப் பிடித்தாள். கீழே, வரவை எதிர்நோக்குவோர் வரிசையில், எல்லாருக்கும் முதலில் 'ராபின்சன் – எஸ்தர், பெனிட்டா' என்று எங்கள் பெயர் இருந்தது. அதற்கும் கீழே, சாயங்கால வரவேற்புக் கூட்டத்தில், 'வாழ்த்துரை: மணமகனின் சித்தப்பா' என்று போட்டு மறுபடியும் என் பெயர். என் தொழிலே அடுத்தவர் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. என் பெயர் இருந்த கார்டை நான் பார்க்கவில்லை. எஸ்தர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சாப்பாட்டு மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஆறு வருஷமா நாம உள்ளதான் இருந்திருக்கோம்."

முடிச்சூர்

அண்ணனிடம் பேசுவதற்கு ஒரு வசனத்தை நான் முன்பே தயாராக வைத்திருந்தேன். 'பழசையெல்லாம் மறந்துட்டேன்ணே, மன்னிச்சுட்டேன்' என்று ஆரம்பிக்கும். ஸ்கூட்டரில் போகும்போதே அது உதவாது என்று தெரிந்துவிட்டது. இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

அண்ணன் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு பேரும் முதலில் அந்த ஸ்க்ரூவைத் தேடினோம். அப்புறம் நின்றபடியே சொன்னேன், மன்னிச்சுருங்கண்ணே என்று. பெண் வீட்டார் ஆசைப்பட்டதால் அங்கே அடித்ததாகவும், அதை என்னிடம் முதலிலேயே சொல்லாதது தன் தப்புதான் என்றும் அண்ணன் சொன்னார். வாழ்த்துரைக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வாசலைப் பார்த்தாராம். அப்புறம் உட்கார்ந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிற்று, நான் அழுதேவிட்டேன்.

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த பெண்ணை, 'ஷைனி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு ப்ரூஃபை நீட்டினேன். கிருபைக்குக் கீழே, எல்லாருக்கும் முதலில் அண்ணன் குடும்பம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். தன் பெயரில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. பேச்சு வராமல் தவிக்கிறார் என்று நினைத்து நானும் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்னார்: "டேய், எம்.ஏ. போடலையே. வேலைக்குப் போய்கிட்டே தபால்ல படிச்சு வாங்கினேன்டா."

ஆகவே வாசகர்களே, மன்னிப்பு வாங்குவதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, ஆனால் மன்னித்தவர் பெயரைக் கார்டில் போடும்போது எம்.ஏ.வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.